துருவேறி இறுகிய நட்டு, போல்ட்டுகளைக் கழற்றும் முறைகள்

(காயல்பட்டினம் வட்டார உழவர்களிடையே ஆற்றிய உரை)



பயிருக்கு நோய் வந்தால் என்ன மருந்து தெளிக்க வேண்டும், நெல்லுக்கு எப்போது மேலுரம் இட வேண்டும் என்றெல்லாம் பலமுறை பேசியிருக்கிறோம். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு சிறிய நட்டைப் பற்றியது. பம்பு செட்டில் நான்கு போல்ட்டுகளைக் கழற்றினால் பத்து நிமிடத்தில் பேக்கிங் மாற்றிவிடலாம். அந்த நான்கில் ஒன்று இறுகிக்கொண்டு வர மறுத்தால் வேலை நின்றுபோகிறது. பலம் கொடுத்துத் திருப்பினால் போல்ட்டின் தலை கையோடு வந்துவிடுகிறது. பிறகு பம்பையே கழற்றி லேத் பட்டறைக்குச் சுமக்க வேண்டியதுதான். இரண்டு நாள் தண்ணீர் நின்றால் கோடையில் வெற்றிலைக் கொடிக்கால் என்ன ஆகும் என்பதை ஆத்தூர்ப் பக்கத்து உழவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

டிராக்டர், பவர் டில்லர், டீசல் எஞ்சின், மினி லாரி, வீட்டில் நிற்கும் கார் ஆகிய எல்லாவற்றிலும் சிறு பழுதுகளை நாமே பார்த்துக்கொள்ளும் பழக்கம் இப்பகுதியில் உண்டு. அது நல்ல பழக்கம். இறுகிய மரையைக் கழற்றும் முறை தெரிந்திருந்தால்தான் அந்தப் பழக்கம் செலவைக் குறைக்கும். தெரியாமல் செய்தால் செலவைக் கூட்டும்.

நம் பகுதியில் ஏன் அதிகம் துருப்பிடிக்கிறது?

இரும்போடு காற்றும் ஈரமும் சேர்ந்தால் துரு உண்டாகிறது. அதோடு உப்பும் சேர்ந்தால் துருப்பிடிக்கும் வேகம் பல மடங்காகிறது. தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயல் ஒரு பக்கம், ஆறுமுகநேரி உப்பளங்கள் மறு பக்கம், நடுவில் நாம் இருக்கிறோம். கடற்காற்று கொண்டு வரும் உப்பு, கண்ணுக்குத் தெரியாத படலமாக இரும்பின் மேல் படிகிறது. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் தன்மையுடையது. ஆகவே மழை பெய்யாத நாளிலும் நம் நட்டுகள் நனைந்தே இருக்கின்றன. தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தேரி மணலும் பறந்து வந்து மரைக்குள் புகுந்துகொள்கிறது.

துரு என்பது இரும்பு கரைந்து போவது மட்டும் அன்று. கரைந்த இரும்பைப்போல் பல மடங்கு இடத்தைத் துரு அடைத்துக்கொள்கிறது. நட்டின் மரைக்கும் போல்ட்டின் மரைக்கும் இடையே உள்ள மெல்லிய இடைவெளியில் அது பெருகி, ஆப்பு அடித்ததுபோல இரண்டையும் இறுக்கிவிடுகிறது.

இதற்கெல்லாம் மேலாக வெள்ளம். 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஓராண்டு முழுவதும் நமக்குக் கிடைக்கும் சராசரி மழையைவிட இது அதிகம். வெள்ளம் புகுந்த இடங்களில் மோட்டார்கள், எஞ்சின்கள், வண்டிகள் எல்லாம் சேற்றில் மூழ்கின. சேறு காய்ந்த பிறகு மரைக்குள் தங்கிய ஈரம் தன் வேலையைத் தொடர்ந்து செய்துகொண்டுதான் இருக்கும். வெள்ளத்தில் நின்ற இயந்திரத்தைப் பிறகு ஒரு நாள் கழற்றும்போதுதான் அது தெரியவரும்.

வேலை தொடங்குமுன்

மின் மோட்டாராக இருந்தால் மெயினை அணைத்து, பியூஸ் கேரியரையும் பிடுங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டியாக இருந்தால் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிடுங்கள். வண்டியின் அடியில் வேலை செய்ய நேர்ந்தால் ஜாக்கியை மட்டும் நம்பக்கூடாது. கெட்டியான மரக்கட்டை அல்லது இரும்பு ஸ்டாண்டு முட்டுக் கொடுத்து, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைக்க வேண்டும். இறுகிய நட்டை இழுக்கும்போது வண்டி ஆடும். ஜாக்கி நழுவினால் நட்டுக்காக உயிரைக் கொடுத்ததாக முடியும்.

சக்கர நட்டுகளை, வண்டியைத் தூக்குவதற்கு முன், சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று தளர்த்திக்கொள்ள வேண்டும். தூக்கிய பின் தளர்த்த முயன்றால் சக்கரமும் சுழலும், வண்டியும் ஆடும்.

அடுத்து, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பெரும்பாலான மரைகள் இடப்பக்கம் திருப்பினால் தளரும். ஆனால் சில பழைய லாரி, ஜீப்புகளின் இடது பக்கச் சக்கர நட்டுகளும், சுழலும் தண்டுகளின் முனையில் உள்ள சில நட்டுகளும் எதிர்ப்புறம் தளரும். கழற்றுவதாக நினைத்து மேலும் இறுக்கி உடைப்பவர்கள் உண்டு. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையின் சாய்வைப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

சரியான ஸ்பேனர்

நட்டின் மூலைகள் மழுங்கிப்போவதற்கு முதற்காரணம் பொருந்தாத ஸ்பேனர். பழைய லிஸ்டர் வகை எஞ்சின்களில் அங்குல அளவு நட்டுகள் இருக்கும். புதிய இயந்திரங்களில் மில்லிமீட்டர் அளவு. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். அதன்மேல் 13ஆம் நம்பர் ஸ்பேனரை மாட்டினால் மாட்டும், ஆனால் ஆடும். சாதாரண நட்டுக்கு அது ஓடிவிடும். இறுகிய நட்டில் மூலையை வழித்துவிடும்.

வாய் திறந்த ஸ்பேனர் நட்டின் இரண்டு பக்கங்களை மட்டுமே பிடிக்கிறது. ரிங் ஸ்பேனரும் பெட்டி ஸ்பேனரும் சுற்றிலும் பிடிக்கின்றன. சாக்கெட் வாங்கும்போது உள்ளே ஆறு மூலை கொண்டதாகப் பார்த்து வாங்குங்கள். பன்னிரண்டு மூலை சாக்கெட் மாட்டுவதற்கு எளிது, ஆனால் இறுகிய நட்டில் வழுக்கும். திருப்பு ரிஞ்சும் பைப் ரிஞ்சும் இதற்கு ஏற்றவை அல்ல. நட்டு ஏற்கெனவே கெட்டுப்போன பிறகு கடைசியாக எடுக்க வேண்டியவை அவை.

முதற்படி: துலக்குதலும் எண்ணெயும்

கம்பி பிரஷ் கொண்டு நட்டையும், வெளியே தெரியும் மரையையும் பளிச்சென்று துலக்குங்கள். நட்டு கழன்று வரவேண்டிய பாதை அதுதான். அந்தப் பாதையில் துருவும் பெயிண்டும் மணலும் இருந்தால், பாதி வழி வந்த நட்டு மறுபடியும் சிக்கிக்கொள்ளும்.

பிறகு எண்ணெய். கடையில் விற்கும் துரு நீக்கும் தெளிப்பான்கள் நல்லவை. அது இல்லையென்றால் டீசலில் சிறிது எஞ்சின் ஆயில் கலந்து பயன்படுத்தலாம். மண்ணெண்ணெயும் ஆகும். கிரீஸ் இதற்கு உதவாது, ஏனெனில் அது உள்ளே இறங்காது. எவ்வளவு ஊற்றினோம் என்பதைவிட எவ்வளவு நேரம் ஊறவிட்டோம் என்பதுதான் முக்கியம். துருவின் நுண்ணிய துளைகள் வழியே எண்ணெய் கசிந்து இறங்க நேரம் வேண்டும். மாலையில் ஒருமுறை, படுக்கப்போகுமுன் ஒருமுறை, விடியற்காலையில் ஒருமுறை விட்டு, பிறகு ஸ்பேனரை எடுங்கள். விதையை ஊறவைக்க ஓர் இரவு கொடுக்கும் நாம், நட்டுக்கும் ஓர் இரவு கொடுக்கலாம்.

பிளேஞ்சின் மேல் தலைநிமிர்ந்து நிற்கும் போல்ட்டாக இருந்தால், அதைச் சுற்றிக் களிமண்ணால் சிறு வரப்புக் கட்டி, அதற்குள் எண்ணெயைத் தேக்கி வையுங்கள். பக்கவாட்டில் இருந்தால் எண்ணெயில் நனைத்த துணித்திரியைச் சுற்றிவிடுங்கள். பிரேக் டிரம், பிரேக் டிஸ்க், கிளட்ச் தட்டு ஆகியவற்றின் மேல் மட்டும் எண்ணெய் சிந்தவே கூடாது.

இரண்டாம் படி: தட்டுதல்

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது இங்கே எழுத்துக்கு எழுத்து உண்மை. போல்ட்டின் தலைமேல் ஒரு பித்தளை அல்லது மென்மையான இரும்புத் துண்டை வைத்து, நேராக, பல முறை தட்டுங்கள். ஓங்கி ஒரே அடி அடிப்பதைவிட மிதமான இருபது அடிகள் சிறந்தவை. அதிர்ச்சியால் மரைக்குள் உள்ள துரு நொறுங்கி, எண்ணெய் நுழைய வழி ஏற்படுகிறது. நட்டின் பக்கவாட்டில் தட்டுவதானால், எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கனமான சுத்தியலை அணை கொடுத்துத் தட்டுங்கள். வெளியே நீட்டியிருக்கும் மரையின் முனையில் அடிக்கக்கூடாது. முனை மழுங்கினால் நட்டு வெளியே வராது. வார்ப்பிரும்புப் பம்பு உடலையும் அலுமினிய மூடியையும் சுத்தியலால் தொடவேண்டாம். அவை விரிசல் விடும்.

மூன்றாம் படி: முன்னும் பின்னும் திருப்புதல்

தளர்த்துவதற்கு முன் சற்றே இறுக்கும் பக்கம் தள்ளிப் பாருங்கள். மயிரிழை அசைந்தாலும் துருப்பிடிப்பு விட்டது என்று பொருள். பிறகு தளர்த்துங்கள். கால் சுற்று வந்ததும் மகிழ்ந்து ஒரேயடியாகச் சுற்றிவிட வேண்டாம். கால் சுற்று வெளியே, அரைக்கால் சுற்று உள்ளே, சிறிது எண்ணெய், மறுபடியும் கால் சுற்று வெளியே என்று போகவேண்டும். நொறுங்கிய துரு இப்படிச் செய்யும்போதுதான் உதிர்ந்து விழும். இடையில் மீண்டும் இறுகினால் அங்கேயே நிறுத்தி உள்ளே திருப்புங்கள். போல்ட்டுகள் முறிவது பெரும்பாலும் முதல் அசைவில் அன்று. பாதி வழியில் அவசரப்படும்போதுதான். பதறாத காரியம் சிதறாது.

குழாய் மாட்டி நீளம் கூட்டுவது

ஸ்பேனரின் பிடியில் ஜி.ஐ. குழாயைச் செருகி நீளம் கூட்டும் வழக்கம் எல்லோரிடமும் உண்டு. அதன் பலம் எவ்வளவு என்று கணக்கிட்டுப் பாருங்கள். 8 மில்லிமீட்டர் கனமுள்ள சாதாரண உறுதிப் போல்ட்டை முழுதாக இறுக்க, ஓரடி நீள ஸ்பேனரின் முனையில் ஏறத்தாழ 8 கிலோ இழுப்பே போதும். அதே போல்ட்டில் மூன்றடிக் குழாய் மாட்டி 20 கிலோ பலத்தோடு இழுத்தால், ஏழு மடங்குக்கும் அதிகமான முறுக்கு விழுகிறது. மரை விடுமுன் போல்ட்டுத்தான் விடும். ஆகவே சக்கர நட்டு, கலப்பைக் கொழு போல்ட்டு போன்ற கனமானவற்றுக்கு மட்டும் குழாய். விரல் கனத்துக்குக் குறைந்த எதற்கும் குழாய் வேண்டாம்.

கை தரும் செய்தியையும் கவனியுங்கள். இழுக்க இழுக்கக் கெட்டியாக நின்று, 'டக்' என்று விட்டால் நட்டு கழன்றது. கெட்டித்தன்மை இல்லாமல் ரப்பர்போலக் குழைந்து வந்தால் போல்ட்டு முறுகிக்கொண்டிருக்கிறது. உடனே கையை எடுத்துவிட்டு எண்ணெய்க்கும் சூட்டுக்கும் திரும்புங்கள். ஸ்பேனரை எப்போதும் உங்களை நோக்கி இழுக்க வேண்டும். தள்ளவே நேர்ந்தால் விரல்களை விரித்து உள்ளங்கையால் தள்ளுங்கள். நட்டு திடீரென்று விடும்போது விரல் முட்டிகள் போய் மோதும் இடம் பெரும்பாலும் கூர்மையான இரும்பாகவே இருக்கும்.

நான்காம் படி: சூடு

இரும்பு சூட்டில் விரியும். 20 மில்லிமீட்டர் அகலமுள்ள நட்டை 200 டிகிரி சூடேற்றினால் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு விரியும். கேட்பதற்குச் சிறிது, ஆனால் துருப்பிடிப்பை உடைக்க அது போதும். சூடு நட்டுக்குப் போகவேண்டும், போல்ட்டுக்குப் போகக்கூடாது. புளோ லாம்பின் தீ நாக்கை நட்டைச் சுற்றிச் சுழற்றிக் காட்டுங்கள். பிறகு சற்று ஆறவிட்டு, மெழுகுவர்த்தித் துண்டை மரையோரம் தொட்டால் மெழுகு உருகி உள்ளே உறிஞ்சப்படும். அதன்பின் திருப்புங்கள். அலுமினிய உடலில் இரும்பு போல்ட்டு சிக்கியிருந்தால் தீயே வேண்டாம். அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விரியும். ஆகவே கொதிக்கும் வெந்நீரை ஊற்றினாலே பல சமயம் பலன் கிடைக்கும்.

சூடு காட்டக்கூடாத இடங்களை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்:

1. காற்று உள்ள டயர் மாட்டிய சக்கரத்தில் தீ காட்டவே கூடாது. டயருக்குள் அழுத்தம் ஏறி வெடித்து உயிர் போகும்.

2. டீசல் டேங்க், எண்ணெய்க் குழாய், பேட்டரி ஆகியவற்றின் அருகில் கூடாது. ஊற்றிய எண்ணெயையும் தெளிப்பானையும் துணியால் நன்கு துடைத்தபிறகே தீயை எடுக்க வேண்டும்.

3. ஆயில் சீல், ரப்பர் புஷ், பேரிங் ஆகியவற்றை ஒட்டிய நட்டுகளுக்குக் கூடாது.

4. பிரேக் குழாய்களுக்குக் கூடாது.

5. துத்தநாகப் பூச்சுள்ள நட்டை வீட்டுக்குள்ளோ பம்பு அறைக்குள்ளோ சுடக்கூடாது. அந்தப் புகை காய்ச்சலை உண்டாக்கும்.

சூடேறிய வார்ப்பிரும்பின்மேல் தண்ணீர் ஊற்றி ஆற்றவேண்டாம். கண்ணாடிபோல விரிசல் விடும்.

தலை மழுங்கினால், முறிந்தால்

மூலை மழுங்கிய நட்டை அரத்தால் தேய்த்து, அடுத்த சிறிய அளவு சாக்கெட்டைச் சுத்தியலால் அடித்து ஏற்றித் திருப்பலாம். அதுவும் வழுக்கினால், நட்டின் ஓரத்தில் உளியைச் சாய்த்து வைத்து, தளரும் திசையில் தட்டலாம். நட்டைக் காப்பாற்ற வேண்டிய அவசியம் இல்லை. சில ரூபாய் நட்டை ஆக்சா பிளேடால் ஒரு பக்கம் அறுத்துப் பிளந்து எடுத்தால், விலை கூடிய ஸ்டட் தப்பும். சுழல்கலப்பையின் கத்தி போல்ட்டுகள் இறுகினால் இந்த வழியே சிறந்தது. அவற்றைப் புதிதாகப் போடுவதுதான் எப்படியும் நல்லது.

இரண்டு பக்கமும் மரையுள்ள ஸ்டட்டை வெளியே எடுக்க, அதன்மேல் இரண்டு நட்டுகளைப் போட்டு ஒன்றோடொன்று இறுக்கி, கீழ் நட்டில் ஸ்பேனர் வைத்துத் திருப்புங்கள். போல்ட்டு முறிந்து, சிறிது வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதன்மேல் ஒரு நட்டை வெல்டு வைத்துத் திருப்பலாம். வெல்டின் சூடும் சேர்ந்து உதவும். துளைக்குள்ளேயே முறிந்திருந்தால் அங்கே நிறுத்திவிடுங்கள். நடுப்புள்ளி தவறாமல் துளையிடுவது பழகிய கைக்கே வரும். துளைக்குள் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ட்ராக்டர் என்னும் கருவி மிகக் கடினமான எஃகு. அது உள்ளே முறிந்தால் சாதாரண டிரில் அதைத் தொடக்கூட முடியாது. லேத் பட்டறைக்கு அதோடு போவதைவிட அதற்கு முன்பே போவது மலிவு.

பிரேக், ஸ்டியரிங் ஆகிய இரண்டிலும் நட்டு வர மறுத்தால் நீங்களே போராட வேண்டாம். அங்கே அரைகுறையாக முறுகிய ஒரு குழாயோ போல்ட்டோ பிறகு சாலையில் முறியக்கூடும்.

குழாய் இணைப்புகளுக்கு ஒரு வார்த்தை. ஜி.ஐ. கப்ளிங்கைக் கழற்ற ஒரே ரிஞ்சு போதாது. ஒன்று குழாயைப் பிடிக்க, மற்றொன்று கப்ளிங்கைத் திருப்ப வேண்டும். ஒன்றை மட்டும் வைத்து இழுத்தால் கீழே இருக்கும் நல்ல இணைப்பு முதலில் விட்டுவிடும். ஃபுட்வால்வு கிணற்றுக்குள்ளேயே விழுந்துவிடவும் கூடும்.

வெள்ளத்தில் மூழ்கிய இயந்திரம்

தண்ணீர் வடிந்தவுடன் ஓட்டிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். மின் மோட்டாரை ரிவைண்டிங் கடையில் உலர்த்தி, இன்சுலேஷன் சோதித்த பிறகே இணைப்புக் கொடுக்க வேண்டும். டீசல் எஞ்சினின் சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால், கைப்பிடி போட்டுச் சுற்றும்போதே கனெக்டிங் ராடு வளைந்துவிடக்கூடும். தண்ணீரை எவ்வளவு அழுத்தினாலும் அது சுருங்காது. இன்ஜெக்டரைக் கழற்றி, மெதுவாகக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலை முழுவதும் மாற்ற வேண்டும். பிஸ்டனே இறுகியிருந்தால், இன்ஜெக்டர் துளை வழியாக டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றி, சில நாட்கள் ஊறவிட்டு, பிளைவீலை முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசையுங்கள். டிராக்டரைக் கட்டி இழுத்துக் கிளப்ப முயலவேண்டாம்.

வெளிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவிச் சேற்றையும் உப்பையும் நீக்கி, உலர்ந்ததும் எல்லா நட்டுகளுக்கும் எண்ணெய் விடுங்கள். முதல் வாரத்தில் விடும் ஒரு சொட்டு, ஆறு மாதம் கழித்து ஊற்றும் ஒரு லிட்டருக்குச் சமம்.

மீண்டும் மாட்டும்போது

கழற்றிய மரையைத் துலக்கி, கிரீஸ் அல்லது செம்புத்தூள் கலந்த பசையைத் தடவி மாட்டுங்கள். சைலன்ஸர் பக்கத்துக்குச் செம்புப் பசையே ஏற்றது, கிரீஸ் கருகிவிடும். எண்ணெய் தடவிய மரை எளிதில் ஓடும். ஆகவே வழக்கமான பலத்தைவிடச் சற்றுக் குறைத்து இறுக்குங்கள். சக்கர நட்டின் கூம்பு உட்காரும் இடத்தில் கிரீஸ் தடவக்கூடாது.

கடலோரப் பம்புகளுக்குத் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகள் நல்லவை. ஆனால் அதே எஃகு நட்டோடு உலர்ந்த நிலையில் வேகமாக இறுக்கினால் இரண்டும் ஒன்றையொன்று கடித்துப் பற்றிக்கொள்ளும். பசை தடவி மெதுவாக இறுக்க வேண்டும்.

ஆண்டுதோறும் புரட்டாசி மாதத்தில், வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், பம்பு செட்டிலும் டிராக்டரிலும் அடிக்கடி கழற்ற வேண்டிவரும் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, எண்ணெய் விட்டு, மறுபடி இறுக்குங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தளர்த்த வேண்டாம். ஒரு காலைப்பொழுது வேலை இது.

சுருங்கச் சொன்னால், துலக்குதல், எண்ணெய், தட்டுதல், முன்னும் பின்னும் திருப்புதல், சூடு என்பதே வரிசை. ஒவ்வொரு படியிலும் முந்தைய படிக்குத் திரும்பிப் போக வழி இருக்கிறது. போல்ட்டை முறித்துவிட்டால் திரும்ப வழியில்லை. ஆகவே பலத்தைக் கடைசியில் வையுங்கள், பொறுமையை முதலில் வையுங்கள். பயிர் கேட்கும் நாளில் உங்கள் பம்பு செட்டு ஓடும்.